பழைய தபாலட்டையைப் படிப்பது எப்படி: மதராஸ் கார்டுகளை வைத்து ஒரு வழிகாட்டி

நூறு வருஷத்துக்கு முந்தைய மவுண்ட் ரோடு படம் போட்ட கார்டு ஒன்று கைக்கு வந்தால், பெரும்பாலோர் படத்தைப் பார்த்து, "அப்போ ரோடு எவ்வளவு காலியா இருந்திருக்கு!" என்று சொல்லிக் கீழே வைத்துவிடுவார்கள். அந்தக் கார்டு சொல்ல வைத்திருப்பதில் பாதி அங்கேயே நின்றுபோகிறது.

ஒரு படத் தபாலட்டைக்குள் நான்கு தேதிகள் ஒளிந்திருக்கும். புகைப்படம் எடுத்த தேதி, அச்சான தேதி, எழுதிய தேதி, தபாலில் சேர்த்த தேதி. நல்ல விற்பனையுள்ள படத்தை ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் பல வருஷம் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றதால், முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே பத்துப் பதினைந்து வருஷம்கூட இருக்கலாம். முத்திரையில் 1912 என்று கண்டதும் "1912-இல் மவுண்ட் ரோடு" என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. அந்த முத்திரை உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: படம் 1912-க்குப் பிறகு எடுத்தது அல்ல.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், சாய்வாக வெளிச்சம் அடிக்க ஒரு டார்ச், 2பி பென்சில், சுத்தமான வெள்ளைத் தாள். கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக ஈரம் துடைத்தால் போதும், பருத்திக் கையுறை வேண்டாம். கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி குறையும். கிழிந்த ஓரம் நூலில் மாட்டி இன்னும் கிழியும். நிஜப் புகைப்படக் கார்டுக்கு (அச்சு மையில் அடிக்காமல், புகைப்படத் தாளிலேயே பிரதி எடுத்தது) மட்டும், விரல் ரேகை படத்தில் பதிந்துவிடும் என்பதால், நைட்ரைல் கையுறை நல்லது.

முதலில் பின்பக்கம்

படத்தைக் கவிழ்த்து வைத்துத் தொடங்குங்கள். நடுவில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப காலக் கார்டுகளில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். சொல்ல வேண்டியதைப் படத்துக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கும் வெள்ளை இடத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். படத்தைச் சுற்றிப் பொடி எழுத்தில் கிறுக்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். அது அழுக்கல்ல, அழிக்க நினைக்காதீர்கள். பிரிட்டன் 1902-இல் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பாதியில் சேதி எழுத அனுமதித்தது. மற்ற நாடுகள் அடுத்த சில வருஷங்களில் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அமெரிக்கா 1907 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. ஆகவே கோடில்லாத கார்டு கிட்டத்தட்ட 1907 வாக்கிலோ அதற்கு முன்போ அச்சானது என்று தொடங்கலாம்.

அடுத்தது தபால்தலை. விக்டோரியா தலையா, ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா? எட்வர்ட் தலைகள் இந்தியாவில் 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். எட்வர்டின் அரையணா, ஓரணாத் தலைகளில் 'போஸ்டேஜ்' என்பதோடு 'ரெவின்யூ' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், அது 1906-இல் வந்த வகை. முத்திரையில் வருஷம் மங்கிப்போய் '0' மட்டும் தெரியும் கார்டுகளில் இந்த ஒரு சொல் பாதி வேலையை முடித்துவிடும். ஒரு எச்சரிக்கை: பழைய தலைகள் புது ராஜா வந்த பிறகும் செலவழிந்துகொண்டே இருந்தன. தலை எதற்குப் பிறகு என்பதைச் சொல்லும், எதற்கு முன் என்பதைச் சொல்லாது.

கட்டணமும் சாட்சிதான். இந்தியாவில் தபால் கார்டு 1879 ஜூலை 1 அன்று கால் அணாவுக்கு வந்தது. 'காலணா கார்டு' என்ற பேச்சுவழக்கு அதிலிருந்து பிறந்தது. 1922-இல் அது அரையணாவானது, பிறகு முக்காலணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. முகவரியில் 'மதராஸ்-4' என்று வட்ட எண் மட்டும் இருந்தால் பின்கோடுக்கு முந்தையது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது.

முத்திரையைப் படிக்க, அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அட்டையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். மை போயிருந்தாலும் முத்திரைக்கட்டை பதிந்த பள்ளம் நிழலாகத் தெரியும். மங்கி அழிந்துபோன பென்சில் எழுத்தும் இப்படித்தான் கிடைக்கும். ஒரே கார்டில் இரண்டு மூன்று முத்திரைகள் இருந்தால் எல்லாவற்றையும் குறியுங்கள்: புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், சில சமயம் நடுவில் கைமாறிய இடம். ஊட்டியில் போட்ட கார்டு லண்டன் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது என்பதை எந்தச் சரித்திரப் புத்தகத்தையும் திறக்காமல் எண்ணிவிடலாம்.

தலை பிய்க்கப்பட்ட கார்டுகள் நிறையக் கிடைக்கும். ஸ்டாம்ப் சேர்த்த சிறுவர்கள் தண்ணீரில் ஊறவைத்து உரித்த மிச்சம் அவை. தலையோடு முத்திரையின் பாதியும் போய்விடும். மிச்சமிருக்கும் கார்டுகளிலாவது அதைச் செய்யாதீர்கள். எழுத்து காப்பியிங் பென்சிலில் இருந்தால் ஒரு சொட்டு ஈரத்திலேயே ஊதாவாகக் கரைந்து பரவும்.

அச்சைப் பார்ப்பது

இப்போது படத்தின் மேல் லென்ஸை வையுங்கள். வரிசையாகக் கட்டம் போட்டதுபோலப் புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் அச்சு. வரிசை இல்லாமல், காய்ந்த குளத்து மண் வெடித்ததுபோல நெளிநெளியாகத் தெரிந்தால் கொலோடைப். புள்ளியே இல்லாமல் கறுப்பிலிருந்து வெளுப்புக்கு வழுக்கிக்கொண்டு போனால் அது நிஜப் புகைப்படம். அதைச் சாய்த்துப் பார்த்தால் இருண்ட இடங்களில் வெள்ளிப் பூச்சுபோல நீலப் பளபளப்பு அடிக்கும்.

இந்த வித்தியாசத்தைப் பார்க்கக் காரணம், எவ்வளவு உள்ளே போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நிஜப் புகைப்படத்தில் கடைப் பலகை எழுத்தையும் ஜட்கா வண்டிக்காரரின் தலைப்பாகை மடிப்பையும் பெரிதாக்கிப் படிக்கலாம். ஹாஃப்டோனில் பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும், சேதி கூடாது. அதில் ஒரு முகத்தையோ பலகையையோ 'அடையாளம் கண்டேன்' என்று சொல்வதற்கு முன் நிதானம் வேண்டும்.

வண்ணக் கார்டுகளில் நிறத்தை நம்பாதீர்கள். அந்தக் கால வண்ணக் கார்டுகளில் ஏராளமானவை ஜெர்மனியில், குறிப்பாகச் சாக்சனியில் அச்சாகி வந்தவை. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கப்பலேறிப் போய், மதராஸை ஒருநாளும் பார்க்காத தொழிலாளி கையில் நிறம் வாங்கிக்கொண்டு திரும்பியது. சேலையின் சிவப்பும் கோபுரத்தின் மஞ்சளும் அவர் போட்டவை. பகலில் எடுத்த படத்தை நீலமாக்கி நிலாவை ஒட்டி 'இரவுக் காட்சி' என்று விற்றதும் உண்டு. நிழல் விழும் திசையையும் நிலா நிற்கும் திசையையும் ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். 'ஜெர்மனியில் அச்சானது' என்ற வரி இருந்தால், பெரும்பாலும் 1914 யுத்தத்துக்கு முந்தைய அச்சு என்று கொள்ளலாம்.

புதிதாக அச்சடித்துப் பழசு என்று விற்கும் கார்டுகளும் சந்தையில் உண்டு. அளவெடுங்கள்: பழைய கார்டு ஏறக்குறைய 9-க்கு 14 செ.மீ. பிறகு இருட்டில் புற ஊதா டார்ச் அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாக்கும் ரசாயனம் பரவலானது 1950-களுக்குப் பிறகுதான். அட்டை பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அது எட்வர்ட் காலத்துக் கார்டு அல்ல. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சோதியுங்கள். பசையும் சில கறைகளும்கூட ஒளிரும், அதை அட்டை ஒளிர்வதாக எண்ணிவிடக் கூடாது.

படத்துக்குள் போவது

கட்டடங்களை வைத்துக் காலம் கணிப்பது எளிது, தவறுவதும் எளிது. ஹைகோர்ட் கட்டடம் இருந்தால் 1892-க்குப் பிந்தையது. ரிப்பன் மாளிகை முழுமையாக இருந்தால் 1913-க்குப் பிந்தையது. எலெக்ட்ரிக் டிராம் ஓடினால் 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. மவுண்ட் ரோட்டில் ஜெனரல் நீல் சிலை நின்றால் 1937-க்கு முந்தையது. இருப்பது நல்ல சாட்சி. இல்லாதது பலவீனமான சாட்சி. 'ரிப்பன் மாளிகை தெரியவில்லை, ஆகவே 1909-க்கு முன்' என்று சொல்ல வேண்டுமானால், காமிரா நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்கத்தான் வேண்டும் என்பதை முதலில் நிறுவ வேண்டும். வரைபடத்தில் காமிரா நின்ற இடத்தைப் புள்ளி வைத்து, அங்கிருந்து படத்தின் இரண்டு ஓரத்துக்கும் கோடு இழுங்கள். மாளிகை அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே வந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும்.

அன்றாட வாழ்க்கை இருப்பது படத்தின் நடுவில் இல்லை, ஓரங்களில். புகைப்படக்காரர் விற்க நினைத்தது கட்டடத்தை. அதன் ஓரத்து மரத்தடியில் குத்தவைத்துச் சவரம் செய்பவரும், கூடையை இறக்கி வைத்து நிற்கும் பெண்ணும், குழாயடிப் பானையும் அவர் கேட்காமலே வந்து விழுந்தவை. படத்தை மனதில் ஒன்பது கட்டமாகப் பிரித்து, இடது மேல் மூலையில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். காலில் செருப்பு இருக்கிறதா, யார் காலில்? தெருவிளக்கு எண்ணெயா மின்சாரமா? பலகையில் தமிழ் இருக்கிறதா, தெலுங்கு இருக்கிறதா? நிழல் குட்டையா நெட்டையா? கலைந்த உருவங்கள் எங்கே? பழைய காமிராவில் வேகமாக நகர்ந்தவர் புகையாகத்தான் பதிவார். 'காலியான ரோடு' என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு இந்தப் புகைக்குச் சேரும். ஒரு பங்கு, வெயில் ஏறும் முன் காலையில் படமெடுத்த வழக்கத்துக்கு.

மனிதர்களை 'வகை'யாகக் காட்டும் கார்டுகளை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். வண்ணார், ஆயா, கள் இறக்குபவர், 'தமிழ்ப் பெண்' என்று தலைப்புப் போட்டு வெள்ளைக்காரர்கள் ஊருக்கு அனுப்ப விற்றவை இவை. மதராஸில் மட்டுமல்ல, கொழும்பில் பிளேட்டே கம்பெனி வெளியிட்ட தேயிலைத் தோட்டத்துத் தமிழர் கார்டுகளும் இந்த வரிசைதான். பின்னால் திரைச்சீலை தொங்கினால் ஸ்டூடியோ. காலடியில் பாய் விரித்து, கையில் புதுக் கருக்கோடு ஒரு பானை இருந்தால் அது கொடுத்துப் பிடிக்கச் சொன்ன பானையாக இருக்கலாம். அதை வைத்து 'இவர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள்' என்று எழுதக் கூடாது. அந்தப் படத்தில் நிற்பவருக்குப் பெயர் இருந்தது. கார்டு அதைக் கேட்கவில்லை. ஆகவே அச்சுத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். உங்கள் விவரிப்பைத் தனியே எழுதுங்கள். இரண்டையும் கலந்தால், நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கடைக்காரரின் இளக்காரம் உங்கள் வாக்கியமாகிவிடும்.

ஒரு சம்பவம்: எம்டன்

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்தை நோக்கிக் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்தத் தொட்டிகளின் படங்கள் கார்டாகவும் புழங்கின. சம்பவக் கார்டு கையில் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

படம் சம்பவத்தின்போது எடுத்ததா, மறுநாள் எடுத்ததா? குண்டு விழுந்தது இரவில். படத்தில் பகல் வெளிச்சமும் புகையும் இருந்தால் அது பின்விளைவின் படம். தலைப்பு 'குண்டுவீச்சு' என்றிருந்தாலும் அப்படித்தான். அடுத்து, கூட்டம் எப்படி நிற்கிறது? வேடிக்கை பார்க்கிறதா, ஓடுகிறதா? பட்டணத்தை விட்டு ஜனங்கள் ஓடினார்கள் என்ற செய்தியை ஒரு படத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட ஆசை வரும். இருப்பதை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது, எழுதியவர் என்ன சொல்கிறார், என்ன சொல்லவில்லை? யுத்தகாலத்தில் தணிக்கை உண்டு. படத்தில் எரியும் தொட்டி, பின்னால் 'இங்கே எல்லோரும் சௌக்கியம்' என்றிருந்தால் அந்த இடைவெளியே ஒரு சேதி.

பிறகு அந்த வாரத்துப் பத்திரிகையோடு ஒப்பிடுங்கள். சுதேசமித்திரன், தி இந்து இரண்டும் அப்போது நாளிதழ்கள். பழைய தமிழ் அச்சுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், அரசு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகமும் முதலில் போக வேண்டிய இடங்கள். முரட்டு ஆசாமியை 'எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ஒரு ராத்திரியின் எச்சம் அது.

படமில்லாத கார்டுகள்

நம் வீட்டுப் பரணில் கிடைப்பது பெரும்பாலும் படமில்லாத காலணா, அரையணாக் கார்டுகள்தான். படத்தைவிட இவற்றில்தான் நம்மவர் குரல் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, 'க்ஷேமம்' அல்லது 'நலம், நலமறிய ஆவல்', பிறகு விஷயம், இடம் போதாமல் ஓரம் சுற்றிப் பக்கவாட்டில் ஓடும் கடைசி வரிகள். கார்டைச் சுழற்றிச் சுழற்றிப் படியுங்கள்; முக்கியமான சேதி பணமோ வியாதியோ என்றால் அது பெரும்பாலும் அந்தப் பக்கவாட்டு வரியில்தான் வரும்.

தேதி தமிழில் இருந்தால் ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி. ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம்: ௲௯௱௰௪ என்றால் 1914. கையெழுத்தில் ௧-வும் 'க'-வும் ஒன்றுபோலவே இருக்கும். வரியின் பொருளைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சுற்றைக் கணக்கிடுங்கள். பிரபவ 1867 ஏப்ரலிலும் 1927 ஏப்ரலிலும் தொடங்கியது. ஆனந்த நாற்பத்தெட்டாவது, ஆகவே 1867-உடன் 47 கூட்டினால் 1914. அடுத்த ஆனந்த 1974. எது என்பதைத் தலையும் கட்டணமும் சொல்லிவிடும். தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடும் என்பதை மறந்து பலர் தவறுகிறார்கள்: ஆனந்த வருஷம் தை என்றால் 1915. நெல்லை, நாஞ்சில் பக்கத்துக் கார்டுகளில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 824 கூட்டுங்கள், தை பிறந்த பிறகென்றால் 825. கொல்லம் 1090 புரட்டாசி, 1914 செப்டம்பர்-அக்டோபர்.

நான்கு மூலையிலும் மஞ்சள் கறை இருந்தால் துடைத்துவிடாதீர்கள். அது சுபச் செய்திக்குத் தடவிய மஞ்சள். மூலையில் கறுப்பு மை இருந்தால் சாவு, கருமாதிச் செய்தி. அதைப் படித்ததும் கிழித்துப் போடுவது வழக்கம், வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தின் கார்டுக் கட்டில் கல்யாணமும் வளைகாப்பும் நிறைந்து, சாவே இல்லாததுபோலத் தெரிந்தால் காரணம் இதுதான். கட்டில் இருப்பதைக் கொண்டு எண்ணிக்கை போடும் எவரும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

நகலெடுப்பதும் வைப்பதும்

இரண்டு பக்கமும், முழு ஓரத்தோடு, வண்ணத்தில், 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். 9-க்கு 14 செ.மீ. கார்டு ஒரு பக்கத்துக்குச் சுமார் 21 எம்.பி. வரும். நிஜப் புகைப்படத்துக்கு 1200 டி.பி.ஐ. ஸ்கேனரின் 'டீஸ்கிரீன்' வசதியை அணைத்துவிடுங்கள். அது ஹாஃப்டோன் புள்ளிகளை மழுப்பி, அச்சு முறையைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும். பழுப்பேறி மங்கிய மையைப் படிக்க, படத்தை மென்பொருளில் திறந்து நீல நிறத் தளத்தை (ப்ளூ சேனல்) மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். எழுத்து கறுத்து எழும்பும். கோப்புப் பெயரில் வரிசை எண்ணும் முன், பின் என்பதும் போதும். நான்கு தேதிகளுக்கும் பட்டியலில் நான்கு தனிப் பத்தி போடுங்கள். தெரியாத பத்தி காலியாகவே இருக்கட்டும்.

வைப்பதற்கு பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை. பி.வி.சி. உறை ஒருவித வாடையோடு பிசுபிசுத்துப் படத்தில் ஒட்டும். லேமினேஷன் செய்தால் திரும்ப வழியில்லை. செலோடேப் கறை போகவே போகாது. சென்னை, கொழும்பு ஈரத்துக்குப் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும்தான் பெரிய எதிரிகள். கான்கிரீட் பரணிலோ வெளிச்சுவர் ஒட்டிய அலமாரியிலோ வைக்காதீர்கள். உள்சுவர் அலமாரியில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், அட்டைப் பெட்டியில் நிற்கவைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த கார்டைத் தனியே வைத்து, நிழலில் காயவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் காயப்போட்டால் மை வெளிறும், அட்டை வளையும்.

ஆல்பத்தில் கோந்து போட்டு ஒட்டிய கார்டை ஆவி காட்டி உரிக்க முயல வேண்டாம். ஒட்டிய பக்கத்தில் எழுத்து இருந்தால் அதுதான் முதலில் போகும். ஆல்பத்தின் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். எந்தக் கார்டுக்குப் பக்கத்தில் எந்தக் கார்டை ஒட்டினார்கள் என்பதும் ஒட்டியவர் விட்டுப்போன குறிப்புத்தான்.